வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளைஞர்களுக்கான நிதி உதவியும் வாழ்க்கைத் திறன் பயிற்சியும்

பெற்றோரிடம் பாதுகாப்பாக வாழ முடியாத குழந்தைகளை அரசு தன் பொறுப்பில் எடுத்து, வேறொரு குடும்பத்திலோ உறவினர் வீட்டிலோ இல்லத்திலோ வைத்து வளர்க்கும் ஏற்பாடு வளர்ப்புப் பராமரிப்பு எனப்படுகிறது. அக்குழந்தைகளில் ஒரு பகுதியினர் பெற்றோரிடம் திரும்பாமலும் தத்தெடுக்கப்படாமலும் வயதுவந்தோர் ஆகின்றனர். பதினெட்டு அல்லது இருபத்தொரு வயதில் அரசின் பொறுப்பு முடியும்போது, வாடகை, படிப்பு, மருத்துவம், வேலை ஆகிய அனைத்தையும் அவர்கள் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. இந்த மாற்றத்தைத் தாங்குவதற்காக வழங்கப்படும் பண உதவியும் பயிற்சியும் பிற்காப்பு என்ற பெயரில் அடங்கும். பிற்காப்புக்கெனத் தனிச் சட்டங்களும் நிதி ஒதுக்கீடும் ஆய்வுகளும் நிறைந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்குள்ள நடைமுறையே இக்கட்டுரையில் முதன்மையாக விளக்கப்படுகிறது.

வளர்ப்புப் பராமரிப்பு நடைபெறும் முறை

ஐக்கிய அமெரிக்காவில் குழந்தை நலத்துறைகளை மாநில அரசுகளும், சில மாநிலங்களில் மாவட்ட நிர்வாகங்களும் நடத்துகின்றன. கொடுமைப்படுத்துதல், புறக்கணிப்பு, பெற்றோரின் போதைப்பழக்கம், சிறைவாசம் போன்ற காரணங்களால் குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால், நீதிமன்ற ஆணையுடன் குழந்தை வீட்டிலிருந்து அகற்றப்படுகிறது. அதன்பின் வளர்ப்புக் குடும்பம், உறவினர் வீடு, குழு இல்லம் ஆகியவற்றில் ஒன்றில் வைக்கப்படுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சமூகப் பணியாளர் பொறுப்பேற்கிறார். வளர்ப்புக் குடும்பத்துக்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை வழங்கப்படுகிறது. இச்செலவில் ஒரு பகுதியைக் கூட்டாட்சி அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்குத் தருகிறது.

குழந்தையைப் பெற்றோருடன் மீண்டும் சேர்ப்பது, அது இயலாவிட்டால் தத்துக் கொடுப்பது அல்லது உறவினரைப் பாதுகாவலர் ஆக்குவது என்பதே இம்முறையின் நோக்கம். இவற்றில் எதுவும் நடக்காமல் வயது வரம்பை எட்டி வெளியேறியவர்களின் எண்ணிக்கை 2010ஆம் ஆண்டில் 27,000-ஐத் தாண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டில் அது சுமார் 19,000 ஆகக் குறைந்தது.

வயது வரம்பை எட்டும்போது நேர்வது

பெற்றோருடன் வளரும் இளைஞர் பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வெளியேறுவது குறைவு. படிப்பு முடியும்வரை வீட்டில் தங்குகிறார், வேலை போனால் திரும்பி வருகிறார், வாடகை ஒப்பந்தத்துக்குத் தந்தை ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார், வண்டி பழுதானால் யாராவது பணம் அனுப்புகிறார்கள். இவ்வுதவிகள் எதுவும் பெரிய தொகையாகத் தெரிவதில்லை. ஆனால் இவை அனைத்தும் ஒரே நாளில் இல்லாமற்போனால் சிறு இடர் கூடப் பெரும் நெருக்கடியாக மாறுகிறது.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் மாதம் சுமார் 1,250 டாலர் கிடைக்கும். பல மாநிலங்கள் இதைவிட அதிகமான கூலியை நிர்ணயித்துள்ளன. எனினும் அங்கெல்லாம் வாடகையும் அதிகம். மாத வாடகை 900 டாலர் என்று வைத்துக்கொண்டால், முதல் மாத வாடகையும் அதே அளவு முன்பணமும் சேர்ந்து 1,800 டாலரைக் கொடுத்த பிறகே வீட்டுச் சாவி கைக்கு வரும். சேமிப்பும் ஜாமீன் கொடுக்க ஆளும் இல்லாதவருக்கு முழுநேர வேலை இருந்தாலும் வீடு கிடைப்பது கடினம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் ஆய்வு மையத்தைச் சேர்ந்த மார்க் கோர்ட்னி தலைமையில் நடந்த ஆய்வு இந்நிலையை ஆவணப்படுத்தியது. இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களில் 2002-03இல் தொடங்கி, 732 இளைஞர்களை 17 வயது முதல் 26 வயது வரை ஐந்து முறை அது நேர்காணல் செய்தது. 26 வயதுக்குள் ஒருமுறையாவது வீடற்ற நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் 31 முதல் 46 விழுக்காட்டினர் என ஆய்வாளர்கள் கணித்தனர். கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தனர்.

சட்டங்களின் வளர்ச்சி

இவ்விளைஞர்களுக்கான கூட்டாட்சிச் சட்டங்கள் படிப்படியாக வளர்ந்தவை.

1986: தற்சார்பு வாழ்க்கைத் திட்டம் உருவாக்கப்பட்டது. 16 வயதுக்கு மேற்பட்ட வளர்ப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்க மாநிலங்களுக்கு முதன்முறையாகத் தனி நிதி கிடைத்தது.

1999: வளர்ப்புப் பராமரிப்புத் தற்சார்புச் சட்டம் நிறைவேறியது. இதை முன்னெடுத்த ரோட் ஐலண்ட் மாநில செனட்டர் ஜான் சேஃபி அவ்வாண்டு அக்டோபரில் காலமானார். டிசம்பரில் அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்டபோது திட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆண்டு நிதி 70 மில்லியன் டாலரிலிருந்து 140 மில்லியன் டாலராக இரட்டிப்பானது. 18 முதல் 21 வயது வரையானவர்களின் தங்குமிடச் செலவுக்கு நிதியில் 30 விழுக்காடு வரை பயன்படுத்த அனுமதி கிடைத்தது.

2002: உயர்கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை வழங்கும் கல்வி வவுச்சர் சேர்க்கப்பட்டது.

2008: பராமரிப்பை 21 வயது வரை நீட்டிக்கும் மாநிலங்களுக்குக் கூட்டாட்சி நிதி தரும் சட்டம் வந்தது. வெளியேறுவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இளைஞரின் ஒத்துழைப்போடு மாற்றத் திட்டம் ஒன்றை எழுதுவதும் கட்டாயமானது.

2014: வெளியேறும் இளைஞரிடம் பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு எண் அட்டை, மருத்துவக் காப்பீட்டு விவரம், மருத்துவப் பதிவுகள், ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டை ஆகியவற்றை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் கூறியது.

2018: சேவைகள் தொடங்கும் வயது 14 எனத் தெளிவாக்கப்பட்டது. பராமரிப்பை நீட்டித்துள்ள மாநிலங்கள் 23 வயது வரை சேவை தரவும், கல்வி வவுச்சரை மொத்தம் ஐந்தாண்டுகளுக்கு மிகாமல் 26 வயது வரை வழங்கவும் அனுமதி கிடைத்தது.

கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் சேஃபி திட்டத்துக்குக் கூடுதலாக 400 மில்லியன் டாலர் ஒதுக்கியது. வயது வரம்பின் காரணமாக எவரையும் வெளியேற்றக்கூடாது என்ற தற்காலிகத் தடையும் 2021 செப்டம்பர் இறுதி வரை நடைமுறையில் இருந்தது.

நிதி உதவியின் வகைகள்

கல்வி

கல்வி வவுச்சர் கட்டணத்துக்கு மட்டுமன்றி, புத்தகம், போக்குவரத்து, தங்குமிடம் போன்ற படிப்பு தொடர்பான செலவுகளுக்கும் பயன்படும். இதனுடன் வருமானம் குறைந்த மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையும் கிடைக்கும். கூட்டாட்சிக் கல்வி உதவி விண்ணப்பத்தில் பெரும்பாலான மாணவர்கள் பெற்றோரின் வருமானத்தைக் குறிப்பிட வேண்டும். பதின்மூன்று வயதுக்குப் பின் எப்போதாவது வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர்கள் தற்சார்பு மாணவர்களாகக் கருதப்படுவதால், அவர்களுக்கு இக்கட்டாயம் இல்லை. டெக்சாஸ், புளோரிடா உள்ளிட்ட பல மாநிலங்கள் அரசுக் கல்லூரிகளில் இவர்களுக்குக் கட்டண விலக்கு அளிக்கின்றன. விடுமுறையில் விடுதி மூடப்படும்போது தங்குவதற்கு இடமில்லாமல் போவது இம்மாணவர்களின் தனித்த சிக்கல். எனவே ஆண்டு முழுவதும் தங்கும் வசதியைச் சில கல்லூரிகள் தனியே ஏற்பாடு செய்கின்றன.

வீடு

வீட்டுவசதித் துறையின் குடும்ப ஒன்றிணைப்புத் திட்டத்தில், பராமரிப்பிலிருந்து வெளியேறிய 18 முதல் 24 வயது வரையான இளைஞர்களுக்கு வாடகை வவுச்சர் தரப்படுகிறது. வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை இளைஞர் செலுத்துகிறார். எஞ்சிய வாடகையை உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் உரிமையாளருக்குக் கொடுக்கிறது. இதற்கெனத் தனி வவுச்சர் திட்டம் 2019இல் தொடங்கப்பட்டது. 36 மாதங்களாக இருந்த கால வரம்பு, படிப்பு அல்லது வேலை தொடர்பான நிபந்தனைகளை நிறைவேற்றுவோருக்கு மேலும் 24 மாதங்கள் நீட்டிக்கப்படலாம்.

மருத்துவம்

பெற்றோரின் காப்பீட்டில் 26 வயது வரை பிள்ளைகள் நீடிக்கலாம் என்ற விதியை 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பெற்றோர் இல்லாதவர்களுக்கும் அதே வாய்ப்பைத் தரும் வகையில், பதினெட்டு வயதில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்து மெடிக்கெய்டு பெற்றவர்கள் 26 வயது வரை அதைத் தொடரலாம் என்ற விதி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. மாநிலம் மாறினால் உரிமை போய்விடும் என்ற குறை, 2023 ஜனவரி 1 அன்றோ அதன் பின்னரோ 18 வயதை எட்டியவர்களுக்கு நீக்கப்பட்டது.

சேமிப்பு

ஆனி ஈ. கேசி அறக்கட்டளையின் ஜிம் கேசி இளைஞர் வாய்ப்பு முயற்சி 2001இல் தொடங்கப்பட்டது. இதில் சேரும் இளைஞர்கள் முதலில் பணம் கையாளும் பயிற்சி பெற்று, பின்னர் சேமிப்புக் கணக்குத் தொடங்குகின்றனர். வீட்டு முன்பணம், வாகனம், படிப்பு போன்ற ஏற்கப்பட்ட தேவைக்காக அவர்கள் சேமிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் திட்டம் ஒரு டாலரைச் சேர்க்கிறது. கையிருப்பு இரட்டிப்பாவதைக் கண்ணால் காணும்போது சேமிக்கும் பழக்கம் வேரூன்றும் என்பது இதன் அடிப்படை.

நேரடிப் பணம்

நிபந்தனை இன்றி மாதந்தோறும் பணம் தரும் முயற்சிகளும் நடந்துள்ளன. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டம் 2020இல், பராமரிப்பிலிருந்து வெளியேறிய 72 இளைஞர்களுக்கு மாதம் 1,000 டாலர் வீதம் வழங்கத் தொடங்கியது. பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற முடிவு முழுவதும் அவர்களிடமே விடப்பட்டது.

உரிமைத் தொகை பற்றிய சர்ச்சை

பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும் உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் மாத உதவித்தொகை தருகிறது. குழந்தை அரசின் பராமரிப்பில் இருக்கும்போது, மாநிலக் குழந்தை நலத்துறையே அத்தொகையைப் பெறும் பிரதிநிதியாக நியமிக்கப்படுவது வழக்கம். பல மாநிலங்கள் அப்பணத்தைக் குழந்தையின் பராமரிப்புச் செலவுக்கு ஈடாக எடுத்துக்கொண்டன. இறந்துபோன தந்தையின் உழைப்பால் தனக்கு ஒரு தொகை வந்துகொண்டிருந்தது என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் எழுந்த கெஃபெலர் வழக்கில், இந்நடைமுறை கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரணானது அன்று என்று உச்ச நீதிமன்றம் 2003இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டப்படி தவறில்லை என்றாலும், நியாயமா என்ற கேள்வி ஓயவில்லை. வளர்ப்புப் பிள்ளைகள் அல்லாத பிற குழந்தைகளின் பராமரிப்புச் செலவை அவர்களிடமிருந்தே எவரும் வசூலிப்பதில்லை என்று எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினர். தொகையில் ஒரு பகுதியைப் பிள்ளையின் எதிர்காலத்துக்காகச் சேமித்து வைக்க வேண்டும் என்று மேரிலாந்து மாநிலம் 2018இல் சட்டம் இயற்றியது. 2021இல் ஊடகப் புலனாய்வுச் செய்திகள் வெளிவந்த பிறகு மேலும் பல இடங்களில் மாற்றங்கள் நிகழ்ந்தன. அரிசோனா 2023இல் இப்பணத்தைப் பராமரிப்புச் செலவுக்கு எடுப்பதைத் தடை செய்தது.

கடன் வரலாற்றைப் பாதுகாத்தல்

ஐக்கிய அமெரிக்காவில் வீடு வாடகைக்கு எடுக்கவும், கைபேசி இணைப்புப் பெறவும், வாகனக் கடன் வாங்கவும் கடன் வரலாறு பார்க்கப்படுகிறது. இந்தியாவில் சிபில் மதிப்பெண் வகிக்கும் இடத்தை அங்கு கடன் மதிப்பெண் இன்னும் விரிவாக வகிக்கிறது. வளர்ப்புப் பிள்ளைகள் பலமுறை வீடு மாறுவதால், அவர்களது பெயரும் பிறந்த தேதியும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் பலரது கைகளுக்குச் செல்கின்றன. அந்த எண்ணைப் பயன்படுத்தி யாரோ மின் இணைப்புப் பெற்றுக் கட்டணம் கட்டாமல் விட்டிருக்கலாம். கடன் அட்டை வாங்கியிருக்கலாம். பதினெட்டு வயதில் முதல் வாடகை விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போதுதான் இளைஞருக்கு விஷயம் தெரிய வருகிறது.

இதைத் தடுக்க 2011ஆம் ஆண்டுச் சட்டம், 16 வயதுக்கு மேற்பட்ட வளர்ப்புப் பிள்ளைகளின் கடன் அறிக்கையை ஆண்டுதோறும் கட்டணமின்றிப் பெற்றுச் சரிபார்க்கவும், தவறான பதிவுகளை நீக்க உதவவும் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. 2014இல் இவ்வயது 14 ஆகக் குறைக்கப்பட்டது.

வாழ்க்கைத் திறன்கள்

குடும்பத்தில் வளரும் பிள்ளை பல திறன்களைப் பாடமாகக் கற்பதில்லை. அம்மா மாதக் கடைசியில் செலவைச் சுருக்குவதைப் பார்க்கிறது, வங்கிக்கு உடன் செல்கிறது, காய்ச்சலுக்கு எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைக் கவனித்துத் தெரிந்துகொள்கிறது. இடம்விட்டு இடம் மாறி வளர்ந்தவருக்கும், உணவும் துணி துவைப்பும் பணியாளர்களால் நடக்கும் இல்லத்தில் வளர்ந்தவருக்கும் இவ்வாய்ப்பு குறைவு. எனவே அவற்றைத் திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டியுள்ளது. பயிற்சியில் பொதுவாக இடம்பெறுபவை:

- வரவு செலவுத் திட்டம் போடுதல். சம்பளச் சீட்டில் பிடித்தம் போகக் கையில் வரும் தொகையைக் கணக்கிடுதல். வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தல்.
- வங்கிக் கணக்கு நடத்துதல். கடன் அட்டை வட்டியைப் புரிந்துகொள்ளுதல்.
- வாடகை ஒப்பந்தத்தை வாசித்தல். வீட்டுக்காரரின் கடமைகளையும் குடியிருப்பவரின் உரிமைகளையும் அறிதல்.
- வேலை விண்ணப்பம் எழுதுதல். நேர்முகத் தேர்வை எதிர்கொள்ளுதல்.
- சமையல், துப்புரவு, பொருள் வாங்குதல்.
- மருத்துவரிடம் நேரம் பெறுதல்; மருந்துகளைத் தொடர்ந்து எடுத்தல்; மனநல உதவியை நாடுதல்.
- பொதுப் போக்குவரத்து, வாகனம் ஓட்டுதல்.

பணம் பற்றிய பயிற்சி ஏன் அவசரமானது என்பதற்குச் சம்பள முன்கடன் நல்ல எடுத்துக்காட்டு. அடுத்த சம்பளம் வரும்வரை இரண்டு வாரங்களுக்கு 100 டாலர் தரும் கடைகள் அதற்கு 15 டாலர் கட்டணம் வாங்குவது வழக்கம். பதினைந்து டாலர் சிறிய தொகையாகத் தோன்றும். ஆனால் ஆண்டுக்கு 26 இரு வாரங்கள் உள்ளதால், இது ஆண்டு வட்டியாக 390 விழுக்காடு ஆகிறது. அசலைக் கட்ட முடியாமல் கட்டணத்தை மட்டும் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே போனால், நான்கு மாதங்களுக்குள் கட்டணமே அசலைத் தாண்டிவிடும். கடன் கேட்கக் குடும்பம் இல்லாதவரே இக்கடைகளுக்கு எளிதில் வாடிக்கையாளர் ஆகிறார்.

ஓட்டுநர் உரிமமும் எதிர்பாராத தடையாக இருந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் உரிம விண்ணப்பத்தில் பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும். விபத்து நேர்ந்தால் தம் தலையில் விழும் என்று வளர்ப்புப் பெற்றோர் தயங்கினர். பேருந்து வசதி இல்லாத ஊர்களில் உரிமம் இல்லை என்றால் வேலையும் இல்லை. புளோரிடா 2014இல் கொண்டுவந்த திட்டத்தின் கீழ் ஓட்டுநர் பயிற்சி, உரிமம், வாகனக் காப்பீடு ஆகியவற்றின் செலவை மாநிலமே ஏற்றது.

எந்த இளைஞருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அறிய மதிப்பீட்டுக் கருவிகள் உள்ளன. கேசி வாழ்க்கைத் திறன் மதிப்பீடு இவற்றில் பரவலாகப் பயன்படுவது. இளைஞரே பதில்களை நிரப்ப, சமூகப் பணியாளருடன் சேர்ந்து கற்க வேண்டியவை தீர்மானிக்கப்படுகின்றன.

எந்தப் பயிற்சி பலன் தருகிறது?

1999ஆம் ஆண்டுச் சட்டம் திட்டங்களின் பலனை முறையாக ஆராயவும் பணித்தது. அதன்படி நான்கு திட்டங்கள், இளைஞர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் வகையில் ஆராயப்பட்டன.

லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் வாழ்க்கைத் திறன் பயிற்சி அவற்றுள் ஒன்று. சமுதாயக் கல்லூரி வகுப்பறைகளில் ஐந்து வாரங்கள் நடந்த இப்பயிற்சி, வேலை, வீடு, வருமானம், படிப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களில் சிலரும் வேறு இடங்களில் இதையொத்த பயிற்சியைப் பெற்றிருந்தது இம்முடிவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம் வெளிப்படையானது. சொந்தமாக வருமானமோ வாடகை வீடோ இல்லாத பதினேழு வயதினருக்கு வகுப்பறையில் சொல்லப்படும் வாடகை ஒப்பந்தம், பயன்படுத்தும் தேவை வரும் முன்பே மறந்துபோகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் திட்டத்தில் சமூகப் பணியாளர் ஒவ்வோர் இளைஞரையும் தனித்தனியே சந்தித்து, கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, வேலை தேடல் ஆகியவற்றை உடனிருந்து செய்வித்தார். இதில் பங்கேற்றவர்கள் அதிக அளவில் கல்லூரியில் சேர்ந்தனர். அவர்கள் பராமரிப்பிலும் கூடுதல் காலம் தங்கியிருந்தனர். முன்னேற்றத்தின் பெரும்பகுதிக்கு அதுவே காரணம் என ஆய்வாளர்கள் கருதினர்.

டென்னசியில் யூத் வில்லேஜஸ் என்ற அமைப்பு நடத்திய திட்டத்தை எம்.டி.ஆர்.சி. நிறுவனம் இதேபோல் ஆராய்ந்தது. வளர்ப்புப் பராமரிப்பிலிருந்தும் சிறார் நீதிக் காவலிலிருந்தும் வெளியேறிய 1,300-க்கும் மேற்பட்டோர் ஆய்வில் இடம்பெற்றனர். பணியாளர் வாரந்தோறும் இளைஞரின் இடத்துக்கே சென்று, அந்த வாரத்தின் சிக்கலை எடுத்துக்கொண்டு வேலை செய்தார். ஓராண்டு முடிவில் வருமானம், வீட்டு நிலைத்தன்மை, மனநலம் ஆகியவற்றில் மிதமான முன்னேற்றம் காணப்பட்டது. கல்வியிலும் குற்றச்செயல்களில் ஈடுபடுவதிலும் மாற்றம் தென்படவில்லை.

திறனைத் தனியே போதிப்பதைவிட, அத்திறன் தேவைப்படும் வேளையில் நம்பிக்கைக்குரிய ஒருவர் உடனிருப்பது பலன் தருகிறது என்பதை இவ்வாய்வுகள் சுட்டுகின்றன. முதல் வங்கிக் கணக்கைத் தொடங்கும் நாளில் உடன் செல்வது இதற்கு எளிய எடுத்துக்காட்டு.

21 வயது வரை நீட்டிப்பு

கோர்ட்னியின் ஆய்வில் இருந்த மூன்று மாநிலங்களுள் இல்லினாய் மட்டும் 21 வயது வரை பராமரிப்பில் தங்க அனுமதித்தது. மற்ற இரண்டிலும் பெரும்பாலோர் 18 வயதையொட்டி வெளியேறினர். இல்லினாய் இளைஞர்கள் கல்லூரியில் சேர்ந்த விகிதம் அதிகமாக இருந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இம்முடிவு வலுச் சேர்த்தது.

நீட்டித்த பராமரிப்பில் இருக்க, இளைஞர் பள்ளியிலோ கல்லூரியிலோ பயில வேண்டும். அல்லது மாதம் 80 மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும். அல்லது வேலைக்குத் தயாராக்கும் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். உடல்நலக் காரணங்களால் இவற்றைச் செய்ய இயலாதவர்களுக்கு விலக்கு உண்டு. கலிபோர்னியா 2010இல் இதற்கான மாநிலச் சட்டத்தை இயற்றி 2012 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. அங்கு இளைஞர் தாமே தேர்ந்தெடுத்த அறையில் தங்கி, பராமரிப்புத் தொகையை நேரடியாகப் பெறும் வசதியும் உண்டு. சமூகப் பணியாளரின் மேற்பார்வை தொடர்வதால், வாடகைப் பணத்தில் தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. கூடுதல் காலம் பராமரிப்பில் இருந்தவர்களிடம் பள்ளிப் படிப்பை முடிப்பதும் கல்லூரியில் சேர்வதும் கூடியதாகவும், வீடற்ற நிலை குறைந்ததாகவும் அங்கு நடந்த ஆய்வுகள் தெரிவித்தன.

நீடிக்கும் குறைகள்

முதற்குறை, உரிமை இருப்பதே தெரியாமல் போவது. மெடிக்கெய்டு, வவுச்சர், கட்டண விலக்கு ஆகியவை வெவ்வேறு துறைகளின் கையில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பமும் தனிக் கெடுவும் உண்டு. சமூகப் பணியாளர்கள் அடிக்கடி மாறுவதால் தகவல் இளைஞரை அடைவதில்லை.

இரண்டாவது, விதிகள் நிலையாக இல்லாமை. வேலை செய்யாத இளைஞர்களுக்கு உணவு உதவியின் கால அளவைக் கட்டுப்படுத்தும் விதியிலிருந்து, பராமரிப்பிலிருந்து வெளியேறிய 24 வயது வரையானவர்களுக்கு 2023இல் விலக்கு அளிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலக்கை நீக்கியது. குறைந்த வருமானத் தொழிலாளர்களுக்கான வரிச் சலுகை, பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு 25 வயது முதலே கிடைக்கிறது. 2021 வரி ஆண்டில் மட்டும் பராமரிப்பிலிருந்து வந்த 18 வயதினருக்கும் அது வழங்கப்பட்டது.

மூன்றாவது, உறவுகள். வேலை போனால் யாரிடம் சொல்வது, பிரசவத்துக்கு யார் உடன் வருவார்கள், பண்டிகை நாளில் எங்கே போவது என்ற கேள்விகளுக்கு வவுச்சர் விடையாகாது. 14 வயதான பிள்ளை தனது திட்டம் பற்றிய கூட்டங்களுக்குத் தான் விரும்பும் இருவரை அழைத்துக்கொள்ளலாம் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது இதை உணர்ந்தே. ஆசிரியர், பயிற்சியாளர், முன்னாள் வளர்ப்புத் தாய், அத்தை என எவராயினும், பராமரிப்பு முடிந்த பின்பும் தொடரும் ஒரு பெரியவரையாவது முன்கூட்டியே கண்டறிவது இப்போது பல மாநிலங்களின் நடைமுறையில் சேர்ந்துள்ளது.

பிற நாடுகளில்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளியேறும் ஒவ்வோர் இளைஞருக்கும் தனி ஆலோசகரும் எழுத்து வடிவிலான பாதைத் திட்டமும் உண்டு. இங்கிலாந்தில் ஆலோசகரின் உதவியை 25 வயது வரை நீட்டிக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. புதிய வீட்டுக்குக் கட்டில், அடுப்பு போன்றவை வாங்க அங்கு பரிந்துரைக்கப்படும் தொகை 2023இல் 2,000 பவுண்டிலிருந்து 3,000 பவுண்டாக உயர்ந்தது. வேல்ஸ் அரசு 2022 ஜூலை முதல், ஓராண்டுக் காலத்தில் 18 வயதை எட்டிய பராமரிப்பு இளைஞர்களுக்கு இரண்டாண்டுகள் மாதம் 1,600 பவுண்டு, வரிப் பிடித்தத்துக்கு முன், அடிப்படை வருமானமாக வழங்கிச் சோதித்தது.

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்பையும் பிற்காப்பையும் தனித்தனிப் பிரிவுகளில் குறிப்பிடுகிறது. 18 வயது நிறைந்து குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியேறுவோருக்கு, சமூகத்தில் இணைந்து வாழ 21 வயது வரை நிதியும் பிற உதவிகளும் வழங்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கான உதவி மாதம் 4,000 ரூபாய். ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலான பிள்ளைகள் குடும்பங்களில் வளர்க்கப்பட, இந்தியாவில் இல்லங்களில் வளர்பவர்களே மிகுதி. எனவே பணம் கையாளுதல், சமையல், வெளியுலகப் பழக்கம் ஆகியவற்றில் இங்குள்ள இளைஞர்களுக்கு முன்கூட்டிய பயிற்சியின் தேவை இன்னும் கூடுதலாகவே உள்ளது.